இரண்டு பேர் ஓட்டும் வண்டி

முதலில் அது சத்தம்கூட இல்லை.
ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு இழுக்கும்போது
இருக்கைக்கு அடியில் யாரோ
ஒரே ஒருமுறை கதவைத் தட்டிவிட்டு
ஓடிப்போன மாதிரி.

டெலிகா வேன், தொண்ணூற்றேழு மாடல்,
ஜப்பானில் யாரோ கழித்துவிட்டது.
ஸ்டியரிங் வலப்பக்கம்;
ஜார்ஜியாவில் அது தப்பான பக்கம்.
பாதி என் பணம். பாதி இமேதாவின் பணம்.
இமேதா என் தங்கையின் கணவன்.
ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான்,
ஆல்வானியில் ஏற்றி, அபானோ கணவாய் தாண்டி
ஓமாலோவில் இறக்குவோம்:
மலையேறிகள், மாவு மூட்டைகள்,
ஒருமுறை கால் கட்டிய கிடா.

ஜூலையில் அதற்குப் பெயர் வந்துவிட்டது.
லொட்.
ஆக்ஸிலேட்டரை விட்டால் லொட். மிதித்தால் லொட்.
ஏற்றத்தில் இழுக்கும்போது இல்லை,
சரிவில் உருளும்போது இல்லை.
இரண்டுக்கும் நடுவே
வண்டி மனம் மாறுகிற அந்த நொடியில் மட்டும்.

வண்டி நிற்கும் முன்பே ரிவர்ஸ் போடுகிறவன் அவன் என்று
ரொட்டிக் கடையில் சொன்னேன்.
மூட்டைக்கு மேல் மூட்டை அடுக்குகிறவன் நான் என்று
அவன் என் தங்கையிடமே சொன்னான்.

லமாராவின் பட்டறை
திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால்.
அவள் ஸ்பானரைத் தொடவில்லை. கேட்டாள்:
"யார் ஓட்டும்போது வருகிறது?"
ஒரே நேரத்தில்
எதிரெதிராக இரண்டு விரல்கள் நீண்டன.

"அப்படியானால் ஒருவன் ஓட்டு. ஒருவன் பின்னால் படு."

தகரத் தரையில் காதை வைத்துப் படுத்தேன்.
டீசல் வாடை, வெங்காயத் தோல்,
தங்கை மகனின் ஒற்றைச் செருப்பு.
பாலம் வரை இமேதா ஓட்டினான்.
ஒவ்வொரு லொட்டும் என் தாடையில் இறங்கியது.
சொன்னேனே, என்று எழுந்தேன்.

திரும்பும்போது நான் ஓட்டினேன்.
மெத்தென்று போனது. ஒன்றுமே கேட்கவில்லை.
கால் மிதிக்கிற நேரத்தில்
காது எங்கோ போய்விடுகிறது போல.
நிறுத்திவிட்டுப் பார்த்தால்
பின்னால் படுத்தபடி அவன்
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.
பதினொன்று.

லமாரா சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள்,
நியூட்ரலில் போட்டு அடியில் நுழைந்தாள்.
என்ஜின் மவுண்டிங்கை நெம்பிப் பார்த்தாள்: இல்லை.
டிஃபரென்ஷியல் ஆயிலை வடித்து
அடைப்பானின் காந்தத்தை விரலால் வழித்தாள்:
சாம்பல் மை, அவ்வளவுதான். உடைந்த பல் எதுவும் இல்லை.
பின் ஷாஃப்டை இரண்டு கையாலும் பற்றி
ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினாள்.

லொட்.

"வாங்க, தொட்டுப் பாருங்க."
கோதுமை மணி அளவு ஆட்டம்.
அந்த மணியளவு இடைவெளியில்தான்
மூன்று டன் சந்தேகத்தை நாங்கள் ஏற்றியிருந்தோம்.

ஜாயிண்ட் மூடியைச் சுற்றி
மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் சிவப்பு.
கழற்றியதும் ஊசி பேரிங்குகள்
ஊசிகளாக வரவில்லை, துருவாகக் கொட்டின.
பக்கத்தில் காய்ந்திருந்த சேற்றை
அவள் நகத்தால் பெயர்த்தாள்.
உள்ளே கிரீஸ் நிப்பிள். கன்னி கழியாமல், பளபளவென்று.

"கடைசியாக இதற்கு கிரீஸ் வைத்தது யார்?"

நான் இமேதாவைப் பார்த்தேன்.
இமேதா என்னைப் பார்த்தான்.
மூன்று கோடை.
தோட்டத்தில் யாரோ பம்பை நிறுத்தினார்கள்;
அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

புது ஜாயிண்ட் தெலாவியிலிருந்து வந்தது.
எண்பத்தைந்து லரி.
பாதியாக்கினால் சில்லறை இடிக்கும்.
அந்தச் சில்லறைக்கு லமாராவே
எங்களுக்குக் காபி போட்டாள்.

வெள்ளிக்கிழமை கிரீஸ் துப்பாக்கியோடு
அவன் வீட்டுக்குப் போனேன்.
வண்டிக்கு அடியிலிருந்து
ஏற்கெனவே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.
சேற்றுப் பூட்ஸ். அவனுடையதுதான்.
"நிப்பிளைத் துடைத்தாயா?" என்றேன்.
"நீ துடை" என்றது வேன்.

இப்போது முன்பக்கம் இன்னொரு சத்தம் இருக்கிறது.
சின்னது. மூன்றாவது கொண்டையூசி வளைவில் மட்டும்.
அவன் ஓட்டினாலும் கேட்கிறது,
நான் ஓட்டினாலும்.
பனி விழுந்து கணவாயை மூடட்டும்,
பார்த்துக்கொள்ளலாம்.